சந்தனப் பொட்டுக்குக் கீழே

அத்தியாயம் 14

பரளச்சி மரியராஜுக்குத் தீபலட்சுமி கொடுத்த வார்த்தை வாசகர்களுக்கு மறந்திருக்காது. "என் கை தவிர வேற கை இதுல படாது ஐயா. கண்காட்சி முடிஞ்சதும் நானே கொண்டாந்து இதே ஆணியில மாட்டுவேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதை நம்பித்தான் அந்த ரிடையரான பஸ் கண்டக்டர், தன் வீட்டுச் சுவரை விட்டு இறங்கியே அறியாத கண்ணாடிப் படத்தைப் பழைய பட்டுச்சேலையில் சுற்றி, மடியில் வைத்து, பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

படத்தில் இருப்பது அவருடைய அப்பா. வேட்டிக்கு மேல் கோட்டு, கோட்டில் கடிகாரச் சங்கிலி, ஒரு கை நாற்காலி முதுகில். மரியராஜ் தாய் வயிற்றில் இருக்கும்போதே ரங்கூனுக்குக் கப்பலேறிப் போனவர். கப்பல் திரும்பி வந்தது, அவர் வரவில்லை. போகுமுன் மதுரையில் எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன இந்த ஒரு படம்தான் மரியராஜுக்குத் தெரிந்த தகப்பன்.

இனி விஜயதசமி காலை. கண்காட்சி தொடங்கும் நாள்.

திருச்சுழியில் தாய் வீட்டுப் பூசைக்குப் போயிருந்த தீபலட்சுமி முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்து இறங்கினாள். நேற்று ஊரே ஆயுத பூஜை கொண்டாடியிருந்தது. அதன் மிச்சம் ரோட்டில் கிடந்தது. கடைக்குக் கடை உடைத்த பூசணிக்காய். உள்ளே கொட்டிய குங்குமம் சதையோடு குழைந்து, அதன்மேல் லாரி ஏறி, ரோடு முழுக்க இழுபட்டிருந்தது. ராத்திரி பெய்த மழையில் அதுவும் கரிசல் சகதியும் சேர்ந்து ஒரு கூழ். அதன்மேல் ஈ. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, தாண்டித் தாண்டிக் கலைக்கூடத்துக்கு வந்தாள்.

கலைக்கூடம் என்பது பெயர்ப்பலகையில்தான். ஊருக்கு அது இன்னும் மூட்டை அடுக்கி வைத்த பஞ்சுக் கிட்டங்கி. மாமனார் பொன்னுச்சாமி நூல் வியாபாரத்தில் கை நிறையச் சம்பாதித்து, அந்தக் கையாலேயே பழைய படங்களாக வாங்கிச் சேர்த்தவர். அவர் கண்ணை மூடியதும் படங்களைத் தள்ளிவிட்டுப் பவர்லூம் போடலாம் என்று மூத்த மகன் காசிராஜன் கிளம்பியதையும், மெட்ராஸில் படங்களைப் பழுது பார்க்கப் படித்துவிட்டு இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்த தீபலட்சுமி குறுக்கே நின்றதையும் முன்பே சொல்லியாயிற்று. கடைசியில் காசிராஜன் சம்மதித்தது கலை மேல் காதலால் அல்ல. அடுத்த மாதம் வியாபாரிகள் சங்கத் தேர்தல். தலைவர் பதவிக்கு நிற்கிற ஆளுக்குக் கண்காட்சி நடத்தினால் ஒரு களை.

வாசலில் ஓரகத்தி சங்கரம்மாள் ஒரு பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துப் படியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"காலைத் துடைச்சிட்டு வா தீபா. கரிசல் மண்ணு, உள்ள ஏறுச்சுன்னா கழுவி மாளாது."

துடைத்துக்கொண்டு உள்ளே போன தீபலட்சுமி அப்படியே நின்றுவிட்டாள்.

சுவரில் வரிசையாக மாட்டியிருந்த அத்தனை படங்களுக்கும் சந்தனம், குங்குமம். தஞ்சாவூர்க் கிருஷ்ணருக்கு நெற்றியில் பொட்டு, சரி. பக்கத்தில் குதிரை மேல் இருக்கும் ஜமீன்தாருக்கும் பொட்டு. குதிரைக்கும் பொட்டு. ஒவ்வொரு சட்டத்திலும் வாடிய செவ்வந்திச் சரம். கீழே இலையில் பொரி கடலை மழை ஈரத்தில் நமுத்துப்போய், அரைப்பழத்தின் மேல் கட்டெறும்பு அப்பியிருந்தது. புளித்த பூவும் கற்பூரக் கரியும் சேர்ந்த வாடை, கதவு சாத்திய கிட்டங்கிக்குள் ராத்திரி முழுக்க ஊறியிருந்தது.



காசிராஜன் கை கூப்பாத குறையாக எதிரே வந்தார். பட்டு வேட்டி, தோளில் சரிகைத் துண்டு.

"பெரியத்தான், என்ன இது?"

"தப்புத்தாம்மா. தெரியாமச் செஞ்சிட்டேன். தொழில் நடக்கிற இடம், பொட்டு வைக்காம விடக்கூடாதுன்னு ஒரு இதுல வச்சிட்டேன். மன்னிச்சுக்கோ. எல்லாத்தையும் நானே தொடச்சுத் தாரேன்."

தீபலட்சுமிக்கு அப்போதுதான் பயம் வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மனிதர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அவள் பார்த்ததில்லை. கேட்பதற்குள் ஒருத்தன் விலையைக் குறைத்தால் சரக்கின் உள்மடிப்பை விரித்துப் பார்க்க வேண்டும் என்பது கடை வீதியில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அவள் கண் நேராகக் கோடிச் சுவருக்குப் போனது. மரியராஜின் அப்பா அங்கே இருந்தார். மற்றவர்களுக்கெல்லாம் ஒற்றைப் பொட்டு. இவருக்கு மட்டும் முகத்தையே மூடிக்கொண்டு உள்ளங்கை அகலச் சந்தனம். அது போதாதென்று கழுத்துவரை தொங்கும் இரட்டை மாலை.

"அது இருக்கட்டும்மா, அதை நான் பார்த்துக்கிறேன்" என்றார் காசிராஜன்.

அவள் கேட்கவில்லை. மாலையைக் கழற்றிக் கீழே போட்டாள். படத்தை இறக்கினாள். பின்பக்கத்தை மூடியிருந்த தகரம் இல்லை. கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்து, காய்ந்த சந்தனத்தை முன்பக்கக் கண்ணாடியிலிருந்து மெதுவாக ஒற்றி எடுத்தாள்.

பொட்டு போனது. கீழே முகம் இல்லை.

இரண்டு கண்கள் இருந்தன. புருவம் இருந்தது. மீசை இருந்தது, கீழ் உதட்டின் ஒற்றைக் கோடு இருந்தது. மற்ற இடமெல்லாம் வெறும் கண்ணாடி. அதன் வழியாகக் கிட்டங்கியின் சுண்ணாம்புச் சுவர் தெரிந்தது. கண்ணுக்கும் மீசைக்கும் நடுவில் ஒரு பல்லி ஓடியது.

கண்ணாடிப் படத்தின் சங்கதி அது. முன்பக்கம் எதுவும் எழுதுவதில்லை. எல்லாம் பின்பக்கம்தான். முதலில் கண்ணையும் மீசையையும் மெல்லிய கோடாக எழுதி, காய்ந்தபின் அதன் முதுகில் தோலின் நிறத்தைப் பூசுவார்கள். கோடுகள் எண்ணெயில் குழைத்தவை, தாக்குப் பிடிக்கும். தோலின் நிறம் கோந்துத் தண்ணீரில் கரைத்தது. ஈரம் பட்டால் போதும். முன்பக்கத்தில் யார் என்ன பொட்டு வைத்தாலும் படத்துக்கு ஒரு கேடும் இல்லை. பின்பக்கம் ஒரு ஈரத்துணி பட்டால் ஆள் காலி.

"யாரு தொடச்சது?"

"நான்தான்" என்றார் காசிராஜன். ஒளிப்பதற்கு இனி ஒன்றும் இல்லாததால் குரலில் ஒரு தெம்புகூட வந்திருந்தது. "வேலைக்காரன் கையில விடலம்மா. அப்பா இருந்தவரைக்கும் கடைத் தராசை அவுகதான் தொடைப்பாக. இப்ப நான் தொடைக்கேன். அந்த மரியாதையோடதான் இதையும் தொடச்சேன். ஷோகேஸு கண்ணாடியை முன்பக்கம் மட்டும் தொடச்சா பளிச்சுன்னு ஆகுமா? பின்னால தகரத்தைக் கழட்டி, சோடா உப்புத் தண்ணி போட்டு, பழைய வேட்டித் துணியை வச்சுத் தேய்ச்சேன். கறுப்பும் மஞ்சளுமா என்னா அழுக்குங்கிற. ரெண்டு வாட்டி துணியைப் பிழிஞ்சேன்."

"அது அழுக்கு இல்ல பெரியத்தான். அது அவரோட கன்னம்."

அவர் பார்வை தம்பியின் பக்கம் போனது.

"கதவைப் பூட்டிட்டுத்தான போனேன். சாவி எப்படி வந்துச்சு?"

மேஜை விசிறியின் அருகே நின்றிருந்த அருண்பாண்டியன், அவள் புருஷன், விசிறி சுற்றுகிறதா என்று கவனமாகப் பார்த்தான்.

"உங்களைத்தான் கேக்கேன்."

"அண்ணன் கேட்டாக. பூசை நாளும் அதுவுமா மாட்டேன்னா சொல்ல முடியும்?"

"யாரும் தொடக்கூடாதுன்னு நான் சொல்லிட்டுப் போனதை அண்ணன்கிட்டச் சொன்னீகளா?"

"சொல்லலாம்னு நினைச்சேன்."

இந்த வீட்டில் அவன் நினைத்ததை எல்லாம் சேர்த்தால் இன்னொரு கிட்டங்கி வேண்டும். தீபலட்சுமி அவனை விட்டுவிட்டாள்.

காசிராஜன் இப்போது அவர் தொழிலுக்கு வந்திருந்தார். பேரம்.

"சரிம்மா, ஆனது ஆச்சு. சேலையில கறை இருக்குன்னு ஒருத்தி திருப்பிக் கொண்டாந்தா வேற சேலை எடுத்துக் கொடுக்கோமா இல்லையா? கட்-அவுட்டு எழுதுற ஆளு இருக்கான். அதே சைஸு, அதே கோட்டு, அதே சங்கிலி. புதுசா எழுதித் தருவான். இப்படி மங்கலா இருக்காது. பெரியவருக்குச் சந்தோசமாத்தான் இருக்கும்."

"இவரோட மூஞ்சியை அந்த ஆளு எங்க பார்த்தான்?"

"ஏன், மரியராஜு மட்டும் பார்த்திருக்காராக்கும்?"

நியாயமான கேள்வி கேட்டுவிட்ட திருப்தியோடு துண்டைச் சரிசெய்துகொண்டார். தீபலட்சுமிக்கு ஒரு நொடி, காலையில் ரோட்டில் மிதித்துத் தாண்டிய கூழ் நினைவுக்கு வந்தது. அதையாவது தாண்டிப் போக வழி இருந்தது.

"மரியராஜ் ஐயா வந்ததும் நான் சொல்லிடுவேன்" என்றாள்.

"தாராளமாச் சொல்லு. இன்னைக்கு வேணாம். மைக்கு செட்டு போட்டாச்சு, சங்கத்துல பாதிப்பேரு வாராக. ஊரெல்லாம் நம்மளை நம்பி வீட்டுப் படத்தைத் தூக்கிட்டு வருது. எலெக்சன் முடியட்டும், நானே பரளச்சிக்கு வந்து கையைக் காலைப் பிடிச்சுச் சொல்றேன்."

"பின்னால ஒரு கலர் பேப்பரை வச்சாப் போதுமே" என்றான் அருண்பாண்டியன். யாரும் கேட்காத நேரத்தில் அவனுக்கு மூளை வேலை செய்யும். "முகம் வந்துருமே."

வரும். அதுதான் கொடுமை. நிறம் போன இடத்துக்குப் பின்னால், ஒட்டாமல், தோல் நிறத்தில் ஒரு காகிதம் வைப்பது அவள் படித்த முறையேதான். ஆனால் கற்றுக் கொடுத்தவர்கள் அதோடு இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள்: உடையவரிடம் சொல்லிவிட்டுச் செய்.

கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சங்கரம்மாள் திடீரென்று வாசலைப் பார்த்து ஓடினாள். ஆனால் அதற்குள் படியில் ஒரு குரல்.

"வணக்கம் தாயி. அருப்புக்கோட்டை, இறங்கு, இறங்கு."

மரியராஜ் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் குடை. செருப்பை வெளியே விட்டுவிட்டு, படியில் கிடந்த துணியில் வலது காலை முன்னும் பின்னும் தேய்த்தார். பிறகு இடது கால். பிறகு மறுபடியும் வலது.

"போதும் ஐயா, வாங்க, உள்ள வாங்க" என்றாள் சங்கரம்மாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"இரும்மா. கண்டக்டர் புத்தி. வண்டிக்குள்ள சகதி ஏற விடமாட்டேன்." விரல் இடுக்கிலிருந்த கரிசல் மண்ணைக்கூட அந்தத் துணியின் ஓரத்தில் அழுத்தித் துடைத்தார். "எங்கப்பா எங்க? ஊரு பிடிச்சிருக்காமா?"

அந்தச் சில நொடிகளில் தீபலட்சுமியின் கைகள் அவளைக் கேட்காமலேயே வேலை செய்தன. தேயிலைத் தண்ணீரில் நிறமேற்றிய காகிதம் அவள் மேஜையில் எப்போதும் இருக்கும். வெட்டி, பின்பக்கம் வைத்து, மூலையில் கிடந்த தகரத்தைச் செருகி, ஆணியில் மாட்டினாள். அந்தக் கண்களை அவர் இப்படி வெறுமையில் மிதக்கப் பார்த்துவிடக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டாள். காரணம் நன்றாகத்தான் இருந்தது. பெரியத்தானுடைய காரணங்களும் அப்படித்தான் இருக்கும்.

மரியராஜ் படத்தின் முன் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தேறியிருக்காரு. நிறம் வச்சிருக்கு. டவுனுச் சாப்பாடு ஒத்துக்கிருச்சு போல."

காசிராஜன் அந்த நகைச்சுவைக்குத் தேவையானதைவிட அதிகமாகச் சிரித்தார். அருண்பாண்டியனும் சிரித்தான்.

"நீ நல்லா இருக்கணும் தாயி" என்றார் மரியராஜ். "பார்க்கதுக்கு எவ்வளவு சுத்தமா இருக்கு."

தீபலட்சுமி பின்கட்டுக்குப் போய்க் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினாள். சந்தன வாடை போகவில்லை.

பத்து மணிக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. 'உங்கள் வீட்டுப் படத்தைக் கொண்டு வாருங்கள்' என்று ஆட்டோவில் விளம்பரம் செய்திருந்தார்கள். பெட்ஷீட்டிலும் உரச்சாக்கிலும் பழைய பாவாடையிலும் சுற்றிய படங்களோடு சனம் வரிசையில் நின்றது. சங்கத்துக்காரர்கள் முன்வரிசையில் ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

காசிராஜன் மைக்கைப் பிடித்தார்.

"உங்க வீட்டுத் தெய்வங்களை, பெரியவுகளை, நம்பி எங்ககிட்ட ஒப்படைக்கலாம். பரளச்சி ஐயாவைக் கேட்டுப் பாருங்க. அவுக அப்பா படத்தை எப்படி வச்சிருக்கோம்னு அவுகளே சொல்லுவாக. ஒரு தூசி, ஒரு துரும்பு படாது."

கைதட்டல். மரியராஜும் வெள்ளந்தியாகக் கை தட்டினார்.

வரிசையில் முதல் ஆளாக நரிக்குடி இன்பராணி என்ற பெண் நின்றாள். சாக்கை விரித்து ஒரு கண்ணாடிப் படத்தை மேஜையில் வைத்தாள். யாரோ இரண்டு பேர், கல்யாணக் கோலத்தில்.

"எங்க மாமியா, மாமனாரு. பின்னால ஒரே தூசியா இருக்கு. ஈரத்துணி போட்டு நல்லா அழுத்தித் தொடச்சிரவா? இல்ல இங்கேயே விட்டுட்டுப் போகவா? ஐயா சொன்னாகல்ல, நம்பி விடலாம்னு."

தீபலட்சுமி காசிராஜனைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே கும்பிட்டார். அருண்பாண்டியன் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்து கோடிச் சுவருக்குப் போனாள். மரியராஜின் படத்தை இறக்கி, மேஜைக்குக் கொண்டுவந்தாள். மைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"ஈரத்துணி போடாதீக. போட்டா என்ன ஆகும்னு காட்டுறேன்."

தகரத்தை உருவினாள். காகிதத்தை எடுத்தாள். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

ரோஸ்மில்க் உறிஞ்சும் சத்தம் நின்றது. கண்ணும் மீசையும் மட்டும் கூட்டத்தைப் பார்த்தன. அவற்றின் நடுவே தீபலட்சுமியின் நீலச் சேலை தெரிந்தது.

"நேத்து இங்க பூசைக்குத் தொடச்சோம். காலையில ஐயா பார்த்த முகம் நான் வச்ச பேப்பரு. வேற கை படாதுன்னு வார்த்தை கொடுத்தவ நான். பேப்பரை வச்சு மறைச்சவளும் நான்தான்."

இன்பராணி தன் படத்தை மறுபடி சாக்கில் சுற்ற ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் பெட்ஷீட்டுகள் இறுக்கிக் கட்டப்பட்டன.

"ஏம்மா, என்ன பேசுற" என்று காசிராஜன் மைக்கை நோக்கி வந்தார். வந்த வேகத்தில் மரியராஜின் பக்கம் திரும்பிவிட்டார். "ஐயா, இது ஒண்ணும் இல்லாத விசயம். புதுசா எழுதித் தாரேன். ரெண்டாக்கூட எழுதித் தாரேன்."

மரியராஜ் எழுந்து வந்தார். படத்தை வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். எதிர்ப்பக்கம் இருந்தவர்களுக்கு அந்தக் கண்களுக்கும் மீசைக்கும் பின்னால் அவருடைய தோல் தெரிந்தது. காசிராஜன் அதையும் விடவில்லை.

"பாருங்க, பாருங்க. அப்படியே அப்பா முகம். பிறகென்ன ஐயா, எங்கயும் போகல."

மரியராஜ் அவர் பக்கம் திரும்பவே இல்லை. படத்தை மேஜையில் கவனமாக வைத்தார். தீபலட்சுமியைத் திட்டவில்லை. அழவும் இல்லை. டிக்கெட் எடுக்காத ஆளிடம் கேட்பதுபோல அடங்கிய குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தொடச்ச துணி எங்க தாயி?"

"ஐயா..."

"அதுலதான இருப்பாரு. துணியைக் கொடுத்துரு. நான் கொண்டுபோறேன்."

தீபலட்சுமிக்குத் தெரியாது. காசிராஜனைப் பார்த்தாள். அவர் பிழிந்து மூலையில் போட்டதோடு சரி. அவரும் யாரையோ பார்த்தார். கடைசியில் எல்லோர் பார்வையும் சங்கரம்மாளிடம் போய் நின்றது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"நல்ல கெட்டித் துணியா இருந்துச்சு" என்றாள். "சகதியா இருக்கேன்னு... காலையில எடுத்து வாசல்ல போட்டேன்."

கிட்டங்கியில் இருந்த அத்தனை பேரும் வாசலைப் பார்த்தார்கள். அந்தத் துணி இப்போது துணி நிறத்தில் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒழுங்காகத்தான் கால் துடைத்திருந்தார்கள். பூசணிச் சாறு, குங்குமம், கரிசல் மண், அதன்மேல் ஒரு ஈ.

மரியராஜ் வாசலைப் பார்க்கவில்லை. குனிந்து, தன் சுத்தமான இரண்டு பாதங்களையும் பார்த்துக்கொண்டு நின்றார்.